நாற்பத்தேழாம் எண் கடிதத்துக்குப் பதில்

நேற்று வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்றரை மணி. இடம், நம் வீட்டு முன்னறை, நான் உட்கார்ந்து எழுதும் அறை. இருந்தவர்கள் ஐந்து பேர்.

உன் அம்மா மாடிப்படியில், கீழிருந்து மூன்றாம் படி. அறைக் கதவு திறந்திருந்ததால் அவள் வெளியே இருந்துகொண்டே உள்ளேயும் இருந்தாள். உன் மாமா என் நாற்காலியில், கேட்காமல் உட்கார்ந்தார். உன் அண்ணன் சன்னல் கட்டையில், கையில் போனோடு. மின்வேலைக்காரர் தன் ஏணியின் இரண்டாம் படியில். நாற்காலி கொடுத்தேன், வேலை நேரத்தில் வேண்டாம் என்றார். நான் கடித அலமாரிக்கு முன்னால், முக்காலியில்.

சுவரோரம் உன் நாற்காலி காலியாக இருந்தது. யாரும் அப்படிச் சொல்லிவைக்கவில்லை. எல்லார் வாயும் தெரிய வேண்டும் என்று நீ இழுத்துப் போட்டுக்கொள்ளும் அதே மூலையில் கிடந்தது. அதற்கு முகம் காட்டித்தான் அத்தனை பேரும் உட்கார்ந்திருக்கிறோம் என்பது பாதிப் பேச்சில்தான் எனக்குப் புலப்பட்டது.

இப்படி எழுதுவது நம் இருவருக்கும் புதிதல்ல. உனக்குப் பதினொரு வயதில், வீட்டுக்கு ஆட்கள் வந்திருந்த ஒரு நாள், எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். நீ ஒவ்வொருவர் சட்டையாகப் பிடித்து இழுத்து என்ன, என்ன என்று கேட்டாய். ஒவ்வொருவரும் "ஒண்ணும் இல்லை, அப்புறம் சொல்றேன்" என்று வாயசைத்தோம். அந்த அப்புறம் வரவே இல்லை. மறுநாள் என் கதவடியில் ஒரு துண்டுத் தாள் நுழைந்தது. "நேத்து எதுக்குச் சிரிச்சீங்க? யார் எங்க உக்காந்தாங்க, யார் என்ன சொன்னாங்க, எல்லாம் எழுதுங்க. ஜோக்கை மட்டும் விட்டுடாதீங்க."

வரிசை எண் போட்டு, தேதி போட்டு, பதில் எழுதி உன் அறைக் கதவடியில் தள்ளினேன். அன்று முதல் பதினைந்து வருடம், இந்த வீட்டில் நாலு பேர் கூடிப் பேசிய எதையும் உனக்கு எழுதாமல் நான் விட்டதில்லை. அம்மாவும் அண்ணனும் உன் பள்ளிக்கூடத்துக்கு வந்து சைகை கற்றுக்கொண்டார்கள். எனக்கு எதற்கு, எழுத்து இருக்கிறதே என்று இருந்துவிட்டேன். போனில் அனுப்பித் தொலைங்களேன் என்றான் அண்ணன். போனில் வருவதற்கு வரிசை எண் போட முடியாது என்றேன். நீ அதைக் கேள்விப்பட்டு, மன்னிக்கவும், எழுத்தில் படித்து, இரண்டு நாள் சிரித்தாய்.

நேற்று நடந்ததும் உனக்குக் கேட்டிருக்காது. அதனால் எழுதுகிறேன். நீ அங்கே இருந்தாய் என்றுதான் நினைக்கிறேன்.

கூட்டம் எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ போன நான்காம் நாள், பிற்பகல் நாலு பத்துக்கு, என் மேசை விளக்குக்கு மேலே இருக்கும் பெரிய விளக்கு இரண்டு முறை எரிந்து அணைந்தது. நீ பல் செட் செய்யும் லேப்பிலிருந்து வீடு வந்து சேரும் நேரம். வந்ததும் என் கதவுக்கு வெளியே நடையில் இருக்கும் சுவிட்சை இரண்டு தரம் தட்டுவாய். நான் வந்துட்டேன் என்று அர்த்தம். உனக்காக இந்த வீட்டில் நாம் வைத்துக்கொண்டதுதானே எல்லாம். விளக்கு இரண்டு முறை என்றால் வாசலில் நிற்கிறேன். மாடி மரத்தளத்தில் இரண்டு மிதி என்றால் இங்கே வா. மூன்று மிதி என்றால் சாப்பாடு தயார்.

முதல் நாள் மின்சாரக் கோளாறு என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாம் நாளும் அதே நாலு பத்து. மூன்றாம் நாள், சுவிட்சின் மேல் வெள்ளைத் தூள். லேப்பில் அச்செடுக்கும் அந்த மாவு. நீ எவ்வளவு கழுவினாலும் விரல் நுனியில் ஒட்டிக்கொண்டே வருமே, அது. அம்மா அதைத் துடைக்கவில்லை. நான் துடைத்தேன். மறுநாள் மறுபடியும் இருந்தது. பத்தாம் நாளுக்கு மேல், மாடியில் உன் அறையில் இரண்டு மிதி. மேசையில் இருந்த தம்ளரில் தண்ணீர் நடுங்கி நின்றதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மேலே போய்ப் பார்த்தபோது கதவு சாத்தியிருந்தது. கதவடி இடுக்கில், அறைக்குள்ளிருந்து வரும் வெளிச்சக் கோட்டில், இரண்டு கால்களின் நிழல் நின்றது. நான் கடிதம் தள்ளும்போதெல்லாம் நீ அந்தப் பக்கம் வந்து நிற்பாயே, அப்படி.

நான் என்ன செய்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். கீழே வந்து, பெரிய துண்டு ஒன்றை எடுத்துப் போய், சுருட்டி, அந்த இடுக்கில் அடைத்தேன். தூசி வருது என்று அம்மாவிடம் சொன்னேன்.

இனி நேற்றைய பேச்சு.

மாமாதான் ஆரம்பித்தார். "இங்க பாருங்க மச்சான், இதோட மூணாவது தடவை ஏணி வந்திருக்கு. இனிமே இந்த ஏணிக்கும் ஒரு தட்டு வச்சுச் சாப்பாடு போட்டுடுங்க."

யாரும் சிரிக்கவில்லை. இருந்தாலும் உன் கட்டளைப்படி எழுதுகிறேன்.

மின்வேலைக்காரர் சொன்னார். "சார், லைன் சுத்தம். சுவிட்ச் புதுசு. ஹோல்டர் புதுசு. பல்பு நாலு மாத்தியாச்சு. இதுக்கு மேல மாத்தணும்னா வீட்டைத்தான் மாத்தணும்."

"அதையும் சொல்லிப் பார்த்துட்டேன்" என்றான் அண்ணன். "எங்க வீட்டுக்கு வந்து ரெண்டு மாசம் இருங்கன்னா அம்மா வரமாட்டேங்கிறாங்க."

படியிலிருந்து உன் அம்மா சொன்னாள். "வர்றேன்டா. அவளுக்கும் வண்டியில இடம் இருந்தா சொல்லு."

மாமா என் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றிக் கழற்றிப் போட்டார்.

அண்ணன் சன்னலிலிருந்து இறங்கினான். என்னைப் பார்த்துப் பேசினான், ஆனால் அது அம்மாவுக்கு. "ரெண்டு மணிக்கே வந்து இந்தப் படியில உக்கார்றாங்கப்பா. நாலு பத்து வரைக்கும் அந்தச் சுவிட்சைப் பார்த்துக்கிட்டே. அது முடிஞ்சப்புறம், அடுத்த நாளுக்குக் காத்திருக்கிற மாதிரி அங்கேயே. சாப்பிட்டது என்னன்னு கேட்டா கால் தம்ளர் பால். போன வாரம் டாக்டர் ரத்தம் பார்த்துட்டு, 'பெத்த பிள்ளையா நீ'ன்னு என்னைக் கேக்கிறார். இப்படியே விட்டா அம்மாவையும் தூக்கிக் கொடுத்துட்டு நிப்போம். வயரை வெட்டிடலாம். விளக்கு எரியலேன்னா காத்திருக்க ஒண்ணும் இல்லை. எழுந்து வந்துடுவாங்க."

"பாவம்டா அவ" என்றார் மாமா, யாரைச் சொன்னார் என்று தெரியாதபடி.

"வெட்டுங்க" என்றாள் உன் அம்மா. எல்லாரும் திரும்பினோம். "எனக்கென்ன? அந்தச் சுவிட்ச் என் அறைக்கா? அவ என்னைக் கூப்பிடலை. என்னைக் கூப்பிடணும்னா வந்து தோளைத் தொடுவா. விளக்கைத் தட்டுறது அப்பா கதவுக்கு. தினம் தினம் கூப்பிடுறா. ஒரு நாள், ஒரே ஒரு நாள், இந்த மனுஷன் எழுந்து வந்து கதவைத் திறந்தாரான்னு கேளு. அதைத்தான்டா நான் படியில உக்காந்து பார்த்துக்கிட்டிருக்கேன். சுவிட்சை இல்லை."

அண்ணன் என்னைப் பார்த்தான். மாமா பேனாவை மூடினார். ஏணியில் இருந்தவர்கூட என்னைப் பார்த்தார். நான் அலமாரியில் ஏற்கெனவே ஒழுங்காக இருந்த கடிதக்கட்டை ஒழுங்குபடுத்தினேன்.

மாமாதான் காப்பாற்றினார். "சரி, சரி. வெட்டுறதுன்னா வெட்டிடுவோம். ஆனா புள்ளையை அப்படி மூஞ்சில கதவைச் சாத்தின மாதிரி அனுப்பக் கூடாது. ஆளுக்கு ரெண்டு வார்த்தை நல்லபடியாச் சொல்லி அனுப்புவோம். என்ன மச்சான்?"

எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. எனக்கும்தான். அதை நினைத்தால் இப்போது கை கூசுகிறது.

மாமா எழுந்து நின்று, உன் நாற்காலியைப் பார்த்து, தெருவுக்கே கேட்கும்படி ஆரம்பித்தார். "ஏய், மாவுக்கை! நாங்கதான்டி பேசுறோம். நீ நிம்மதியாப் போயிட்டு வா. உங்கம்மாவை நான் பாத்துக்கிறேன். இன்னைக்கு நான் கடிச்சுத் திங்கிறதே நீ செஞ்சு கொடுத்த பல்லுலதான். அந்தப் பல்லு மேல சத்தியம்!" கத்திய வேகத்தில் மேல் பல் செட் கழன்றுகொண்டது. கட்டை விரலால் மேலே தள்ளிப் பொருத்திக்கொண்டு உட்கார்ந்தார். முகம் கோணிக்கொண்டிருந்தது.

அடுத்து அண்ணன். அவன் முணுமுணுத்தான். தாடியும் மீசையுமாக உதடே தெரியவில்லை. நீ இருந்தால் தலையில் தட்டியிருப்பாய். என் காதில் விழுந்தது, "ஸாரிடி" என்ற ஒன்றுதான்.

மின்வேலைக்காரர் தன்னையும் சேர்த்துத்தான் சொன்னோம் என்று எண்ணிக்கொண்டு, ஏணியிலிருந்து இறங்கி, கையைக் கட்டிக்கொண்டார். "பாப்பா, நான் உங்களைப் பார்த்ததில்லை. வயரிங்ல என் பேர்ல ஒரு தப்பும் இல்லை. நீங்களே பார்த்திருப்பீங்க. கோவம் வேண்டாம்."

என் முறை வந்தது. எழுந்தேன். தொண்டையைச் செருமினேன். "மேலே மூவரும் சொன்னதை நானும் ஆமோதிக்கிறேன்" என்றேன். உன் அப்பன் உனக்கு வாய் திறந்து சொன்னது அவ்வளவுதான்.

அப்போது படியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று நினைத்து அண்ணன் ஓடினான். அது சிரிப்பு. உன் அம்மா கைப்பிடிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள். முப்பத்தொன்பது நாளில் முதல் தடவை.

"யாருக்குடா இவ்வளவு நேரம் பேசினீங்க? இந்த ஏணித் தம்பிக்குத் தெரியாது, விடு. உங்களுக்கு? அவளுக்கு எந்தக் காலத்துலடா காது கேட்டுச்சு?"

மாமாவும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "அதானே! அதான் அவ இருந்தப்பவும் கத்திக் கத்திப் பேசுவேன், 'மாமா, எச்சில் தெறிக்குது, சத்தம் வரலை'ன்னு எழுதிக் காட்டுவா!" அண்ணன் சுவரில் சாய்ந்து சிரித்தான். மின்வேலைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்கு அப்புறம் சொல்கிறேன் என்றேன். இதுதான் நேற்றைய ஜோக். எங்களைப் பார்த்து நாங்களே சிரித்துக்கொண்டது. மாமா சிரித்து முடித்த இடத்திலேயே அழ ஆரம்பித்தார்.

அம்மா எழுந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் வந்து உன் நாற்காலிக்கு எதிரே நின்றாள். அவள் கைகள் இரண்டும் மேலே வந்தன. நீ போனதிலிருந்து அந்தக் கைகள் பேசி நான் பார்க்கவில்லை. முதலில் தடுமாறின. பிறகு வேகம் எடுத்தன. நெஞ்சைத் தொட்டாள். என்னைக் காட்டினாள். கட்டை விரலை நாக்கு நுனியில் தொட்டு, இடது உள்ளங்கையில் அழுத்தினாள். மறுபடி என்னைக் காட்டினாள். அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தான். ஓர் இடத்தில் சிரித்தான். ஓர் இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"என்ன சொன்னே?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லை" என்றாள். "அப்புறம் சொல்றேன்."

அவள் வேண்டுமென்று அப்படிச் சொல்லவில்லை. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. நானும் மின்வேலைக்காரரும் பக்கத்தில் பக்கத்தில், ஒன்றும் புரியாமல் நின்றிருந்தோம். நான் அண்ணன் சட்டையைப் பிடித்து இழுத்து என்ன, என்ன என்று கேட்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

விளக்கு எரிந்தது. அணைந்தது. எரிந்தது. அணைந்தது.

நாலு பத்து. நடையில் யாரும் இல்லை. சுவிட்ச் அசையவில்லை என்பதை மின்வேலைக்காரர் தன் கண்ணால் பார்த்தார். அவர் கையில் இருந்த டெஸ்டர் கீழே விழுந்து அலமாரிக்கு அடியில் உருண்டு போனது. "சார், இது வயர் வேலை இல்லை. நாளைக்கு அஞ்சு மணிக்கு வர்றேன். வெட்டணும்னா சொல்லுங்க, வெளியில இருந்தே வெட்டிடுறேன்" என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார். ஏணி இங்கேயே நிற்கிறது.

"சொன்னேன்ல மச்சான்" என்றார் மாமா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "தட்டு வைங்கன்னு."

அவரும் அண்ணனும் புறப்பட்டபோது மணி ஐந்து. அதன் பிறகு நடந்ததற்குச் சாட்சி இல்லை. இருந்தவர்கள் நாங்கள் இருவர். அவள் மறுபடியும் மூன்றாம் படியில். நான் போய் இரண்டாம் படியில் உட்கார்ந்தேன். சட்டைப் பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்து அவள் மடியில் வைத்தேன்.

நீ போவதற்கு நாலு நாள் முன்னால், வியாழக்கிழமை, என் கதவடியில் தள்ளியது. இந்த வருடத்து வரிசை எண் நாற்பத்தேழு. அன்றே பிரித்துப் படித்து, கிடைத்த தேதி எழுதி, பதில் எழுத வேண்டியவை இருக்கும் தட்டில், நாற்பத்தாறுக்குக் கீழே வைத்தேன். வந்த வரிசையில்தான் பதில். எந்தக் கடிதத்தையும் முன்னால் எடுத்ததில்லை. நாற்பத்தைந்து, எதிர்வீட்டுக்காரருக்காக எழுத வேண்டிய மனு. நாற்பத்தாறு, தண்ணீர் மீட்டர் ஓடவில்லை என்று குடிநீர் அலுவலகத்துக்கு. வெள்ளிக்கிழமை உனக்குக் காய்ச்சல் கண்டது. சனிக்கிழமை காலை மருத்துவமனையில் சேர்த்தோம். அன்று சாயங்காலம் நாற்பத்தைந்தை முடித்தேன். ஞாயிற்றுக்கிழமை, நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படுத்திருக்க, இந்தப் பக்கம் பெஞ்சில், மடியில் அட்டையை வைத்துக்கொண்டு, மீட்டர் முள் எந்த எண்ணில் நின்றுவிட்டது என்று விவரமாக எழுதிக்கொண்டிருந்தேன். அடுத்தது உன் முறை. திங்கட்கிழமை காலை உனக்கென்று உறைகூட எடுத்து வைத்துவிட்டேன்.

அன்றைக்கு அந்த உறைக்கு வேலை இல்லாமல் போயிற்று.

நீ எழுதியது எனக்கு மனப்பாடம். இருந்தாலும் எந்தக் கடிதத்துக்குப் பதில் என்று 'பார்வை' போட்டுக் குறிப்பிட வேண்டும் என்று என் சின்ன ஊர்ப் பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆகவே:

"அப்பா, சனிக்கிழமை எனக்கு அரை நாள்தான் வேலை. நாலு மணியிலிருந்து அஞ்சு வரைக்கும் உங்களுக்குச் சைகை சொல்லித் தர்றேன். ஆறு வாரம் போதும். உங்க கடிதமெல்லாம் ரொம்ப நல்லா இருக்கு. ஆனா நீங்க எழுதி முடிக்கிறதுக்குள்ள சிரிப்பு ஆறிப்போயிடுது. நீங்க சிரிக்கும்போதே நானும் சிரிக்கணும். சரியா, வேண்டாமா? ஒரு வரி போதும்."

ஒரு வரி போதும் என்று எழுதியிருந்தாய்.

அம்மா கடிதத்தைப் பிரிக்கவில்லை. மடிப்பின் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னாள். "தெரியும். எழுதி முடிச்சுட்டு எங்கிட்டதான் காட்டினா. அப்பா சரின்னு சொல்வாராம்மான்னு கேட்டா. சொல்வார், ஆனா நம்பர் போட்டுத்தான் சொல்வார்னேன்."

"ஏன் எங்கிட்ட கேக்கலை?"

"நீங்களா எடுத்துக் காட்டுவீங்கன்னு பார்த்தேன். இத்தனை நாளும் பார்த்தேன்." கடிதத்தைத் தடவிக்கொண்டே, "நான் இந்தப் படியை விட்டு எழுந்து போயிட்டா, அப்புறம் நீங்க எடுக்கவே மாட்டீங்கன்னு தோணுச்சு" என்றாள்.

நான் சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, மருந்து ஏறுகிற உன் வலது கையைப் பலகையோடு சேர்த்துக் கட்டிவைத்திருந்தார்கள். அசையக் கூடாது என்று. அது உன் வாயைக் கட்டியதற்குச் சமம் என்று அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்குத் தோன்றவில்லை. அம்மாதான் சண்டை போட்டு அவிழ்க்க வைத்தாள். அவிழ்த்ததும் நீ கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாய். கட்டை விரலை நாக்கு நுனியில் தொட்டு, இடது உள்ளங்கையில் அழுத்தினாய். இரண்டு தரம். தபால்தலை கேட்கிறாள் என்று நினைத்தேன். இதற்கு முன்னாலும் அம்மாவிடம் நீ அப்படிச் செய்ததைப் பார்த்து, இரண்டு முறை உனக்குத் தபால்தலை வாங்கி வந்து கொடுத்திருக்கிறேன். நீயும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாய். அன்றும் பைக்குள் தேடி, ஒரு தபால்தலையை எடுத்து, கண்ணாடியில் ஒட்டுவதுபோல் உயர்த்திக் காட்டினேன். நீ சிரித்தாய். வலியோடு, உதடு காய்ந்து, ஆனால் நன்றாகவே சிரித்தாய். அதுதான் நான் கடைசியாகப் பார்த்தது.

"அது என்ன?" என்று நேற்று படியில் உட்கார்ந்து கேட்டேன். "இன்னைக்கு நீயும் அதைத்தானே செஞ்சே. எதுக்கு அவளுக்கு அத்தனை தபால்தலை?"

உன் அம்மா என்னை வெகுநேரம் பார்த்தாள். "அது தபால்தலை இல்லைங்க. அது நீங்க. நாலு வயசுல அவளாக் கண்டுபிடிச்ச பேரு. எங்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு பேரு வச்சிருந்தா. எப்பப் பார்த்தாலும் விரலை நனைச்சு உறையை ஒட்டிக்கிட்டே இருப்பீங்களே. அவளுக்கு அப்பான்னா அதுதான்."

இருபத்திரண்டு வருடம் நீ என்னைக் கூப்பிட்டிருக்கிறாய். நான் கடைக்குப் போய்த் தபால்தலை வாங்கி வந்திருக்கிறேன்.

இன்று சனிக்கிழமை. காலை பத்து மணிக்கு உன் அம்மா முன்னறைக்கு வந்தாள். தலை வாரியிருந்தாள். என் நாற்காலியைத் திருப்பிப் போடச் சொன்னாள், தான் எதிரே உட்கார்ந்தாள். முதல் பாடம் ஒரு மணி நேரம் நடந்தது. என் விரல்கள் பேனா பிடித்தே வளைந்து போனவை, விரிய மறுக்கின்றன. "வா" என்று காட்டப்போய் "போ" என்று காட்டிவிட்டேனாம். "இப்படிக் காட்டினா எந்தப் பேயும் ஓடிடும்" என்றாள். இதையும் ஜோக் கணக்கில் சேர்த்துக்கொள். சொன்ன பிறகு இருவருமே உன் நாற்காலியைப் பார்த்தோம்.

இதுவரை கற்றவை ஐந்து. வா. உட்கார். சாப்பிட்டாயா. மன்னித்துவிடு. ஐந்தாவது என் பெயர்.

பதினோரு மணிக்குச் சோறும் குழம்பும் சாப்பிட்டாள். தட்டை அவளே கழுவி வைத்தாள். இரண்டு மணி அடித்தது, படிக்குப் போகவில்லை. பின்கட்டில் துணி உலர்த்தும் சத்தம் கேட்கிறது. அண்ணனுக்குத் தெரிவித்துவிட்டேன். போனில்தான். வரிசை எண் இல்லாமல்.

வயர் விஷயம் மிச்சம் இருக்கிறது. மின்வேலைக்காரர் ஐந்து மணிக்கு வருவார், ஏணிக்காகவாவது வருவார். வெட்டச் சொல்வதா, வேண்டாமா என்று அம்மாவைக் கேட்டேன். கூப்பிடுகிறவளைக் கேளுங்கள் என்றாள். ஆகவே உன்னைக் கேட்கிறேன். இன்று நாலு பத்துக்கு விளக்கு எரியாவிட்டால், வெட்ட ஒன்றும் இல்லை. எரிந்தால், அந்த ஆளை ஏணியோடு அனுப்பிவிட்டு, எழுந்து வந்து கதவைத் திறப்பேன். கையில் எந்தக் கடிதம் இருந்தாலும் வைத்துவிட்டுத் திறப்பேன். நடையில் ஒன்றும் தெரியாவிட்டாலும், தெரிந்த ஐந்தையும் செய்து காட்டுவேன். தப்பாக இருந்தால் சிரி. சிரித்தால் எதற்கு என்று நான் கேட்க மாட்டேன். அப்போதே எனக்கும் தெரிந்திருக்கும்.

உன் கேள்விக்குப் பதில், ஒரே வரி: சரி, சனிக்கிழமை நாலு மணி.

இப்போது மணி மூன்று ஐம்பது. நாலு தாளையும் மடித்து, அந்தத் திங்கட்கிழமை உனக்கென்று எடுத்து வைத்த அதே உறையில் போட்டுவிட்டேன். இந்தக் கடைசி வரிகளை உறையின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். மாடிக்கு வந்துவிட்டேன். உன் கதவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். துண்டை உருவி எடுத்துவிட்டேன். இடுக்கில் வெளிச்சம் இருக்கிறது. அதன் நடுவே, நான் வரும் முன்னரே, அந்த இரண்டு கால்களின் நிழலும் இருக்கிறது.

கட்டை விரலை நாக்கு நுனியில் தொடுகிறேன். மடிப்பின் பசையில் வைத்து அழுத்துகிறேன். இடது உள்ளங்கையில் உறை, அதன் மேல் என் விரல்.

ஒட்டிவிட்டது. உள்ளே தள்ளுகிறேன்.